ஆசான் இல்லாமல் வெள்ளிப் பற்றவைப்பைக் கற்க முடியுமா?

5 மார்ச் 2023

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூன்று மாதமாக வீட்டிலேயே வெள்ளி வளையம் செய்து பார்க்கிறேன். வாயைச் சேர்த்துப் பற்றவைக்கும் பொடி வைத்துச் சுடரை ஊதினால், பொடி உருகி உருண்டையாகத் திரண்டு மேலேயே நிற்கிறது. இணைப்புக்குள் இறங்குவதே இல்லை. பட்டறையில் ஓர் ஆசானிடம் உட்காராமல், செய்து கெடுத்தே இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?"

முடியும். நான் அப்படித்தான் கற்றேன். பள்ளி அறிவியல் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சேலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் நான்கு ஆண்டுகளாக வெள்ளியைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன். கெட்ட துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தேன் என்று ஒரு சீட்டும் எழுதி வைத்திருக்கிறேன். டப்பா நிறைந்து இரண்டாவது டப்பா தொடங்கிவிட்டது.

உங்கள் பொடி உருண்டையாக நிற்பதற்கு அழுக்கோ இடைவெளியோ காரணமாக இருக்கலாம். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பொடி ஒட்டாது. வளையத்தின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் தாள் அளவு இடைவெளி இருந்தாலும் பொடி அதை நிரப்பாது. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மிக நெருங்கிய இரு முகங்களுக்கிடையில்தான் அது ஓடும். முனைகளை அரத்தால் சமப்படுத்தி, வெண்காரக் (போராக்ஸ்) கரைசல் தடவி, சுடரை இணைப்பின் மேலேயே நேராகக் காட்டுங்கள். இரண்டு வாரத்தில் கைவந்துவிடும்.

6 மார்ச் 2023

நேற்று எழுதியதில் கடைசிக்கு முந்தைய வாக்கியம் தவறு. சுடரை இணைப்பின் மேல் நேராகக் காட்டக் கூடாது. எழுதிவிட்டுப் படுத்த பிறகு என் டப்பாவின் 14ஆம் துண்டு நினைவுக்கு வந்தது. அதன் சீட்டில் "சுடர் பொடியின் மேல், பொடி உருண்டை" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. பொடி குறைந்த வெப்பத்தில் உருகும் கலவை என்பதால், சுடர் அதன்மேல் பட்டால் அது மட்டும் உருகிவிடும். சுற்றியுள்ள வெள்ளி இன்னும் குளிர்ச்சியாக இருப்பதால் பொடிக்குப் போக இடமில்லாமல், சேம்பிலையில் நின்ற நீர்த்துளி போல உருண்டுகொள்ளும். வளையம் முழுவதையும் சுடேற்ற வேண்டும். வெள்ளியின் சூடுதான் பொடியை உருக்க வேண்டும்.

தான் எழுதி வைத்த சீட்டையே படிக்காமல் பிறருக்கு அறிவுரை எழுதுபவர் மாணவர்களுக்கு எப்படிப் பாடம் எடுத்திருப்பார் என்று வீட்டில் கேட்டார்கள்.

12 மார்ச் 2023

பொடி எப்போதும் சூடு அதிகமுள்ள பக்கத்துக்கே ஓடும் என்பதைச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். செய்து பார்த்தால்தான் அதன் கொடுமை புரியும். மகளுக்காக ஒரு ஜிமிக்கி செய்தபோது, கிண்ணம் போன்ற கனத்த மணிப்பகுதியின் உச்சியில் 0.8 மி.மீ. கம்பி வளையம் ஒன்றைப் பற்றவைக்க வேண்டியிருந்தது. கம்பி நொடியில் சிவந்தது. கிண்ணமோ கறுத்துக்கூட வரவில்லை. பொடி முழுவதும் கம்பியில் ஏறிப் பூசிக்கொண்டு, கிண்ணத்தைத் தொடவே இல்லை. மறுமுறை கிண்ணமும் சூடாகட்டும் என்று பொறுமையாகக் காட்டினேன். கம்பி வளையம் ஒரு துளியாகச் சுருண்டு விழுந்தது. மூன்றாம் முறை கிண்ணத்தின் அடியில் மட்டும் சுடரைச் சுற்றி, அது மங்கிய சிவப்புக்கு வந்த பிறகே மேலே ஒரே ஒரு வீச்சு காட்டினேன். பொடி பளிச்சென ஒரு கோடாக மின்னி உள்ளே இறங்கியது. அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகத்தான் இந்த வேலையையே செய்கிறேன் என்று சில நாள் தோன்றுவதுண்டு.

இந்தச் சூட்டு இடைவெளி எவ்வளவு குறுகலானது என்பதற்கு எண்கள் உதவும். தூய வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும். நாம் பயன்படுத்தும் 92.5 வெள்ளியில் நூறில் 92.5 பங்கு வெள்ளி, மீதி 7.5 பங்கு செம்பு. செம்பு தனியே 1085 டிகிரி வரை தாங்குமென்றாலும், இரண்டும் கலந்தால் தூய வெள்ளியை விடவும் சீக்கிரமே உருகிவிடும். 92.5 வெள்ளி 800 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கி, 890 டிகிரிவாக்கில் முழுவதும் நீராகிவிடும். சாதாரணப் பொடிகள் ஓடுவது 700 முதல் 780 டிகிரிக்குள். ஆக, பொடி ஓடுவதற்கும் நகையே சரிவதற்கும் நடுவில் நமக்குள்ள இடம் சில நேரம் ஐம்பது டிகிரிகூட இல்லை.

அதை அளக்கக் கருவி வேண்டியதில்லை, வெண்காரமே சொல்லிவிடும். சூடேறும்போது முதலில் அதிலுள்ள நீர் போய், வெள்ளையாகப் பொரிந்து உப்பும். பிறகு அடங்கும். ஏறத்தாழ 740 டிகிரியில் உருகிக் கண்ணாடி போலப் படியும். அந்தக் கண்ணாடி மினுமினுப்பைக் கண்டால் பொடி ஓடும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். நான் முதல் ஆண்டு முழுவதும் வெண்காரத்தை வெறும் பூச்சு என்றே நினைத்து, அதைப் பார்க்கவே இல்லை.

12 மார்ச் 2023, இரவு

மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டேன். சன்னலையும் நேர் எதிரே திறக்க வேண்டாம். குழல்விளக்கையும் அணைத்துவிடுங்கள், வெளிச்சத்தில் மங்கிய சிவப்பு தெரியாது. எங்கள் தெருவில் பட்டறைகள் ஏன் இருட்டாக இருக்கின்றன என்று சிறுவயதில் நான் இரக்கப்பட்டதுண்டு.

19 மார்ச் 2023

ஓர் அன்பர், "ஓடாவிட்டால் மறுபடி ஊது, அதற்கும் ஓடாவிட்டால் மறுபடி ஊது" என்கிறார். விடாமுயற்சிக்கு இது பொருந்தலாம், பொடிக்குப் பொருந்தாது. பொடியில் வெள்ளி, செம்புடன் துத்தநாகமும் உண்டு. அதன் உருகுநிலையைத் தாழ்த்துவதே அந்தத் துத்தநாகம்தான். ஒவ்வொரு முறை சூடேற்றும்போதும் அதில் கொஞ்சம் ஆவியாகிப் போகிறது. எனவே, முதல் முறை ஓடாத பொடி இரண்டாம் முறை இன்னும் கூடுதல் சூடு கேட்கும். ஐந்தாம் முறை கேட்பது வெள்ளியே உருகும் சூடாக இருக்கும். என் 31ஆம் துண்டை ஏழு முறை ஊதினேன். ஏழாம் முறை பொடி ஓடவில்லை, வளையம் ஓடியது. மூன்றாம் முறையோடு நிறுத்தி, பழைய பொடியைச் சுரண்டி எடுத்து, அரத்தால் தேய்த்துப் புதிதாகத் தொடங்குவதே குறைந்த செலவு.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பழைய பட்டறைச் சரக்காகக் காட்மியம் கலந்த பொடி கிடைத்தால், எவ்வளவு எளிதாக ஓடினாலும் வாங்காதீர்கள். தங்கத்தில் "கே.டி.எம்." என்று ஒரு காலத்தில் பெருமையாக விளம்பரம் செய்தார்களே, அது இந்தக் காட்மியம்தான். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிப்பது. நாம் ஊதும் சூட்டில் அதன் புகை நேரே நுரையீரலுக்குப் போகும். அந்தப் புகை அப்போதைக்குத் தொல்லை தராமல், பல மணி நேரம் கழித்தே மூச்சைப் பிடிக்கும் என்பதுதான் அதில் மோசமான பகுதி.

26 மார்ச் 2023

கம்பி இழுப்பது பற்றிக் கேட்டவருக்கு. கம்பியச்சின் துளைகள் வழியாக 2 மி.மீ. கம்பியை 1 மி.மீ. வரை இழுத்தால் நீளம் நான்கு மடங்காகும். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் நடுவில் கம்பி இறுகி, நாலைந்து துளை தாண்டும்போது கீச்சென்று ஒலி எழுப்பி அறுந்துவிடும். அதனால் அவ்வப்போது பழுக்கக் காய்ச்சி இளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் போனது, காய்ச்சிய பிறகு என்ன செய்வது என்பது.

28 ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உலோகம் பற்றிப் பாடம் எடுத்தவன் நான். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டிப்படும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதே நினைவில், இளகவேண்டிய வெள்ளிக் கம்பியைத் தண்ணீரில் போடாமல், ஓட்டின் மேல் அப்படியே ஆறவிட்டேன். கம்பி எதிர்பார்த்த அளவு இளகவில்லை. இன்னும் மெதுவாக ஆறவிட்டேன். இன்னும் முரண்டு பிடித்தது. ஒருநாள் கைதவறித் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்த துண்டுதான் நூல்போல வளைந்தது. 92.5 வெள்ளி எஃகுக்கு நேர்மாறானது. அது மெதுவாக ஆறும்போது உள்ளிருக்கும் செம்பு தனியே பிரிந்து படிவதால் கொஞ்சம் கெட்டிப்படும். சட்டென்று குளிர்ந்தால் பிரிய நேரமில்லாமல் மெத்தென்று இருக்கும். சிவப்பு மறையும் வரை சில நொடி பொறுத்து முக்க வேண்டும், அவ்வளவுதான். பாடத்தைத் தவறாக நடத்தவில்லை. தவறான உலோகத்துக்கு நடத்தினேன்.

2 ஏப்ரல் 2023

ஊதிய பின் நகை கறுத்திருக்கும். எங்கள் பக்கம் படிகாரம் கரைத்த வெந்நீரில் போட்டெடுத்துப் பூந்திக்கொட்டை நுரையில் தேய்ப்பார்கள். நானும் அப்படியே செய்தேன். ஒருநாள் வெள்ளி முழுவதும் வெளிர்ச் செந்நிறமாக வெளிவந்தது. செம்பைக் கூடுதலாகக் கலந்து விற்றுவிட்டார் என்று வெள்ளி தந்தவர் மேல் கோபம் வந்து, அவரிடம் நேரில் போய்ச் சண்டையிடவும் செய்தேன்.

தவறு என் சாமணத்தில், அதாவது நகையைப் பிடிக்கும் இடுக்கியில் இருந்தது. பல நாள் பயன்படுத்திய கரைசலில் நகைகளிலிருந்து கரைந்த செம்பு சேர்ந்திருக்கும். அதில் இரும்புச் சாமணத்தை விட்டு நகையைத் தொட்டால், இரும்பு கரையும்போது அந்தச் செம்பு வெள்ளியின் மேல் படிந்துவிடும். செம்பு அல்லது மூங்கில் சாமணம் வைத்துக்கொண்டால் போதும். இதில் நான் ஏமாந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சாமணத்தின் மேல் எனக்கு முன்பே சந்தேகம் வந்து, புதிதாகக் கரைத்த படிகார நீரில் சோதித்துப் பார்த்தேன். செந்நிறம் வரவில்லை. ஆகவே சாமணம் குற்றமற்றது என்று முடிவுகட்டினேன். புதிய நீரில் செம்பே இல்லை என்பது உறைக்கவில்லை. வெள்ளி தந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன்; அவர் சிரித்துவிட்டு அன்றைய விலையில் ஒரு பைசாவும் குறைக்காமல் விற்றார்.

16 ஏப்ரல் 2023

"தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான்" என்று, தாயின் பொன்னிலும் கொஞ்சம் திருடுவான் எனப் பொருள்படும் ஒரு பழமொழியை ஒருவர் வேடிக்கையாக எழுதியிருக்கிறார். சில நாளுக்கு முன் நான் 40 கிராம் வெள்ளியில் தொடங்கிய வேலையை முடித்து, நகை, வெட்டுத்துண்டு, அரப்பொடி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தேன். 37.2 கிராம் இருந்தது. அறையில் என்னைத் தவிர யாருமில்லை. மீதி 2.8 கிராம் என் வேட்டியிலும் துடைப்பத்திலும் விரலிடுக்கிலும் மாடிப் படியிலும் இருக்கிறது. பட்டறை மண்ணை விலைக்கு வாங்கி அரித்துப் பொன் எடுப்பவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது இப்போது தெரிகிறது. கடையில் சேதாரம் என்ற சொல்லைக் கேட்டால் முன்போல் எனக்குச் சினம் வருவதில்லை. அளவைப் பற்றி மட்டும் பேரம் பேசுகிறேன்.

மடியில் தோல் விரித்து உட்கார்ந்த பிறகு இழப்பு அரை கிராமுக்குள் வந்திருக்கிறது.

7 மே 2023

மோதிரம் சிறுத்துவிடுகிறது என்பவருக்குச் சுருக்கமாக. உள்விட்டம் 17 மி.மீ. வேண்டுமென்றால் அதை மட்டும் 3.14 ஆல் பெருக்கி 53.4 மி.மீ. வெட்டக் கூடாது. தகட்டின் கனத்தையும் விட்டத்தோடு கூட்ட வேண்டும். 1.5 மி.மீ. தகடு என்றால் 18.5 ஐப் பெருக்கி 58.1 மி.மீ. வெட்ட வேண்டும். வளைக்கும்போது வெளிப்பக்கம் நீண்டு, உட்பக்கம் சுருங்கி, நடுக்கோடு மட்டுமே அளவு மாறாமல் இருப்பதுதான் காரணம். நான் வெட்டியது 53.4. உள்விட்டம் 15.5 ஆகிவிட்டது. மனைவிக்காகச் செய்தது இப்போது பேத்தியின் விரலில் இருக்கிறது. அவளுக்குத்தான் செய்தேன் என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

4 ஜூன் 2023

மணி உருட்டுவதில் ஒரு மாதம் போனது. கரித்தூளை மூசையில் (உலோகம் உருக்கும் மண்கிண்ணத்தில்) பரப்பி, அதன்மேல் கம்பித் துணுக்குகளை ஒன்றையொன்று தொடாமல் தூவி, மேலே மறுபடி கரித்தூள், மறுபடி துணுக்குகள் என அடுக்கிச் சூடேற்றினால், ஒவ்வொரு துணுக்கும் உருகித் தானாகவே உருண்டை மணியாகிவிடும். அச்சும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். செய்முறைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இது.

இரட்டிப்புப் பெரிய மணி வேண்டுமென்று துணுக்கின் நீளத்தை இரட்டித்தேன். மணி கொஞ்சம்தான் பெருத்தது. மூன்று மடங்காக்கியும் மனநிறைவு இல்லை. கரித்தூள் சரியில்லை, சூடு போதவில்லை, கம்பி மெலிந்துவிட்டது என்று பத்து நாள் பலவற்றையும் குறைசொன்ன பிறகுதான் தாளும் பேனாவும் எடுத்தேன். விட்டம் இரட்டிக்க வேண்டுமானால் உலோகம் எட்டு மடங்கு வேண்டும். நீளத்தை இரட்டித்தால் விட்டம் நாலில் ஒரு பங்கைச் சற்றே தாண்டித்தான் கூடும். 0.5 மி.மீ. கம்பியில் 1 மி.மீ. மணி வேண்டுமென்றால் 2.67 மி.மீ. துணுக்கு, 2 மி.மீ. மணிக்கு 21 மி.மீ.க்கும் மேல். செய்து பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் பத்து நாள் மிஞ்சியிருக்கும். முதல் நாள் நான் அவ்வளவு பெருமையாக எழுதிய "கெடுத்தே கற்கலாம்" என்பதில் எனக்கே சிறு விரிசல் விழுந்தது அன்றுதான்.

25 ஜூன் 2023

அந்த விரிசல் பெரிதாகியிருக்கிறது. தங்கை மகளுக்குச் சென்ற ஆண்டு ஒரு சங்கிலி செய்து கொடுத்தேன். 62 கண்ணிகள். ஒவ்வொன்றும் பளபளவென்று, இணைப்பே தெரியாமல் இருந்தது. இங்கே எழுதிய எல்லாவற்றையும் அந்தச் சங்கிலியை மனத்தில் வைத்துத்தான் எழுதினேன். கடந்த வாரம் அது மூன்று இடத்தில் அறுந்து, தாளில் மடித்து வந்து சேர்ந்தது.

உடைந்த கண்ணிகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். பொடி வெளித்தோலில் மட்டும் ஒரு படலமாக ஓடி மூடியிருக்கிறது. உள்ளே இரு முகங்களும் ஒட்டவே இல்லை. நல்லபடியாக இருந்த கண்ணிகளில் பத்தைக் குறுக்கே அறுத்தேன். நான்கில் அதே கதை. என் டப்பாவில் ஒன்றுகூட இந்தத் தவறைக் காட்டும் துண்டு இல்லை, ஏனென்றால் இவை கெட்ட துண்டுகளாக எனக்குத் தெரியவில்லை. நல்லவை என்று நினைத்துக் கொடுத்துவிட்டேன். உருண்டை நின்ற பொடியும் சிறுத்த மோதிரமும் தன் தவறைத் தானே சொல்லிவிடும். இந்தக் கண்ணி ஓராண்டு வாயை மூடிக்கொண்டு கழுத்தில் கிடந்தது. காட்மியப் புகையும் இந்த வகைதான் என்று இப்போது தோன்றுகிறது.

2 ஜூலை 2023

அறுந்த சங்கிலியை எங்கள் தெருவில் கொலுசு வேலை செய்யும் முதிய பத்தரிடம் கொண்டுபோனேன். நான்கு ஆண்டுகளாக அவர் கடைவாசலைக் கடந்துதான் வெள்ளி வாங்கப் போகிறேன். உள்ளே நுழைந்தது இதுதான் முதல் முறை. அவர் சங்கிலியைப் பார்க்கவில்லை. "ஒரு கண்ணி ஊதிக் காட்டுங்க சார்" என்றார். ஊதினேன். பொடி மின்னியது, சுடரை எடுத்தேன். அதற்குள் எடுத்தால் எப்படி என்றார். மேலே மின்னியதும் நான் எடுத்துவிடுகிறேனாம். இன்னும் ஒரு மூச்சு நேரம் வைத்தால்தான் அது உள்ளே போய் மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கும். பொடியை எப்போதும் ஒரு பக்கம் வைத்து, எதிர்ப்பக்கம் அது வெளிவருகிறதா என்று பார்க்கச் சொன்னார். நான் நான்கு ஆண்டுகளாக வைத்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 12 மார்ச் அன்று அவ்வளவு ஆசையாக வருணித்தேனே, பளிச்சென்ற கோடு, அது வேலையின் பாதி.

இத்தனைக்கும் அவர் வாயால் ஊதும் குழல் பயன்படுத்துகிறார். மூச்சை மூக்கால் இழுத்துக்கொண்டே கன்னத்தில் அடக்கிய காற்றை விடுவதால் சுடர் அறுவதில்லை. நானும் முயன்றேன், சுடர் அணைந்தது, எனக்குத் தலை சுற்றியது. பேரன் வயதுள்ள பையன் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

ஆகவே முதல் நாள் "முடியும்" என்று எழுதியதை இப்படித் திருத்துகிறேன். கண்ணுக்குத் தெரியும்படி கெடுகிற எல்லாவற்றையும் தனியாகவே கற்கலாம். தெரியாமல் கெடுவதற்கு இன்னொருவர் கண் வேண்டும், அல்லது நன்றாக இருப்பதையும் அறுத்துப் பார்க்கும் மனம் வேண்டும். எனக்கு இரண்டாவது வருவதற்கு முன் சங்கிலி அறுந்துவிட்டது.

9 ஜூலை 2023

இப்போது பத்துக் கண்ணி செய்தால் ஒன்றைக் குறட்டில் பிடித்து, இணைப்பு வெளிப்பக்கம் வருமாறு நசுக்கி முறுக்குகிறேன். ஒட்டியிருந்தால் வெள்ளி வேறெங்காவது மடங்கும். ஒட்டாவிட்டால் வாய் திறந்துகொள்ளும். இந்த வாரம் முறுக்கிய ஐந்தில் ஒன்று திறந்தது. அதன் சீட்டு மூன்றாவது டப்பாவில் முதல் சீட்டு.

திருப்பூர் அன்பர் வளையம் கூடிவிட்டது, இணைப்பே தெரியவில்லை என்று படம் அனுப்பியிருக்கிறார். நன்றாக இருக்கிறது. அதை நசுக்கிப் பார்த்தீர்களா என்று எழுதுங்கள்.